ஒரு முறம் தவிடு

வடகரப்பதி,
12-2-1978

அன்புள்ள வள்ளியக்காவுக்கு,

தங்கை முத்தாத்தாள் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் அத்தையும் சுகம். அங்கே நீங்களும் மச்சானும் சரசுவும் தங்கவேலுவும் சுகம்தானா? மலையில் பனி குறைந்ததா?

கைப்பிள்ளை குப்பண்ணன் பெயரை வேண்டுமென்றேதான் தள்ளி எழுதுகிறேன். முதலிலேயே எழுதினால் கண் பட்டுவிடுமோ என்று பயம். நன்றாக இருக்கிறான், அக்கா. குப்புற விழுகிறான். விழுந்த பிறகு திரும்பத் தெரியாமல் ஊரைக் கூட்டுகிறான்.

புரட்டாசியில் அவன் பிறந்ததும் நீங்கள் வந்து, குப்பைமேட்டில் அவனைக் கிடத்தி, ஒரு முறம் தவிட்டை என் முன்னால் கொட்டி, "இந்தத் தவிட்டுக்கு இவனை வாங்கிப்போட்டேன். இனி இவன் எம் பையன். நீ வளத்திக் குடு, போதும்" என்று ஊர் கேட்கச் சொன்னீர்களே, அன்றிலிருந்துதான் எனக்குக் கொஞ்சமாவது தூக்கம் வருகிறது. இரண்டு பிள்ளைகளை வாரிக்கொடுத்த வயிறு என்னுடையது. பெற்ற இரண்டும் கண்ணெதிரே வளர்கிற ராசியான கை உங்களுடையது. எமன் என் பிள்ளையைத் தேடி வந்தால், "அவளுக்குப் பிள்ளையே இல்லை, இது மலைக்காரி பிள்ளை" என்று திரும்பிப் போகட்டும்.

இப்போது ஒரு தொல்லை. சுகாதார நிலையத்து நர்ஸ் வீடு வீடாக வருகிறாள். தொண்டை அடைப்பான், கக்குவான் வராமல் இருக்கக் கைப்பிள்ளைகளுக்கு ஊசியாம். அத்தை அவளை வாசலிலேயே நிறுத்தி, "எங்க ஊட்டுப் பையனை ஊசி போட்டுத்தான கொன்னீங்க? போ அக்கட்டால!" என்று விரட்டிவிட்டார். அத்தை சொல்வதில் பொய் என்ன இருக்கிறது? அந்த ஐப்பசியில் ராமாத்தாள் தொண்டை அடைத்துப் போனாள். அவளைப் புதைத்த ஈரம் காய்வதற்குள் பழனிச்சாமிக்கும் மூச்சு இழுத்தது. இனிமேலும் வீட்டில் வைத்திருக்கக்கூடாது என்று கொழிஞ்சாம்பாறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் ஊசி போட்டார். வீடு வந்து சேர்வதற்குள் என் தோளிலேயே அடங்கிவிட்டான். ஊசியை நினைத்தால் எனக்கு அந்தத் தோள் கனக்கிறது.

குப்பண்ணன் உங்கள் பிள்ளை. நீங்கள் சொல்லுங்கள். ஊசி போடவா, வேண்டாமா?

எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும். பதிலுக்குக் காத்திருக்கும்,
முத்தாத்தாள்


மேல்மலை டிவிஷன்,
மூணாறு வழி,
10-3-1978

என் கண்ணான முத்தாத்தாளுக்கு,

அக்கா வள்ளியாத்தாள் எழுதுவது. நாங்கள் நால்வரும் நலம். உங்கள் நால்வர் நலனுக்கும் அந்தப் பழனியாண்டவன் துணை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ராத்திரி சோறு இறங்கவில்லை. அத்தை சொல்வதை மீறாதே. இரண்டைப் பறிகொடுத்த வீட்டில் மூன்றாவதற்கு ஊசி குத்து என்று எந்த வாயால் சொல்வேன்? தாயத்தைக் கழற்றாமல் பார்த்துக்கொள். அது போதும்.

இங்கேயும் எஸ்டேட் டிஸ்பென்சரியிலிருந்து ஊசிக்காரர்கள் வந்தார்கள். சரசுவுக்குப் போன வருஷமே பள்ளிக்கூடத்தில் என்னைக் கேட்காமல் போட்டுவிட்டார்கள். தங்கவேலுவையாவது காப்பாற்றுவோம் என்று, உன் கடிதத்தை நினைத்துக்கொண்டு, விறகு அட்டிக்குப் பின்னால் உட்கார வைத்துச் சாக்கைப் போட்டு மூடிவிட்டேன். அவன் சும்மா இருக்கிறவனா? நர்ஸம்மா லயத்து வீட்டு வரிசையைத் தாண்டுவதற்குள் உள்ளேயிருந்து, "அம்மா, போயிட்டாங்களா?" என்று கத்துகிறான். சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு மாரித்தாய்க்குத்தான் கோபம். சங்கரன்கோவில் பக்கத்துக்காரி, என்னோடு ஒரே மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள். "ஏட்டி வள்ளி, நீ பிள்ளைய ஒளிச்சு வச்சா நோய்க்குக் கண்ணு தெரியாமப் போயிருமாக்கும்?" என்றாள். அவளுக்கென்ன, அவள் பிள்ளைகளுக்குக் குத்திவிட்டுத் தைரியம் பேசுகிறாள்.

தங்கவேலு தினமும், "என் தவிட்டுத் தம்பி எப்ப வருவான்?" என்று அரிக்கிறான். தேயிலைக் கொட்டை பொறுக்கி வந்து கோலி ஆடுகிறானே, அதில் நல்லதாக நான்கு எடுத்துத் தம்பிக்கென்று டப்பாவில் போட்டு வைத்திருக்கிறான். லாரியில் உடுமலைக்கு இறங்குகிற ஆள் கையில் கொடுத்துவிடுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். பால் கொடுக்கிறவள் வயிற்றைக் காயப்போடாதே.
உன் அக்கா,
வள்ளியாத்தாள்


வடகரப்பதி,
18-5-1978

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் எல்லோரும் சுகம் என்று நினைக்கிறேன். இங்கே வெயில் ஆளைப் பொசுக்குகிறது. கிணற்றில் அடிமண் தெரிகிறது.

நீங்களும் ஊசி வேண்டாம் என்றதில் எனக்குப் பாரம் இறங்கியது. அத்தைக்குப் படித்துக் காட்டினேன். "அவளுக்குத்தான் அறிவு" என்றார். நீங்கள் பக்கத்தில் இருந்தவரையில் அத்தை அப்படி ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.

தேயிலைக் கொட்டை வந்து சேர்ந்தது. குப்பண்ணன் இப்போது தவழ்கிறான். வந்த அன்றே ஒன்றை வாயில் போட்டுக்கொண்டான். நான் போட்ட கூச்சலில் உங்கள் மாப்பிள்ளை ஏற்றத்தை விட்டுவிட்டு ஓடி வந்தார். விரலை விட்டு எடுத்துவிட்டோம். அவன் தும்மினால் தொண்டையைப் பார்க்கிறேன். அழுதால் குரல் கம்மியிருக்கிறதா என்று காது கொடுக்கிறேன். "புள்ளைய வளத்தறயா, காவல் காக்கறயா?" என்கிறார் உங்கள் மாப்பிள்ளை. அவர் மட்டும் என்ன, காடு போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம் அவன் மூக்கில் கை வைத்துப் பார்க்கிறார்.

தங்கவேலு தம்பிக்குக் கொட்டை அனுப்பினானே, சின்னம்மா சும்மா இருக்கலாமா? கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் நீலக் கட்டம் போட்ட துணி எடுத்து வைத்திருக்கிறேன். அவன் தோள் அகலத்தையும் உயரத்தையும் ஒரு நூலில் அளந்து, முடிச்சுப் போட்டுக் கவரில் வைத்து அனுப்புங்கள். மாரியம்மன் நோம்பிக்குள் தைத்துவிடலாம்.

மச்சானுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தம்.
முத்தாத்தாள்


வடகரப்பதி,
20-7-1978

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் சுகத்துக்குத்தான் பதில் இல்லை.

நான் எழுதி இரண்டு மாதம் ஆகிறது. மலையில் மழை கொட்டுகிறது, பாதையில் மண் சரிகிறது என்று பொள்ளாச்சி பஸ்ஸில் வந்தவர்கள் சொல்கிறார்கள். லயத்துக்கு ஒன்றும் இல்லையே? மச்சானுக்குப் பேக்டரியில் வேலை இருக்கிறதா? என்மேல் ஏதாவது கோபமா? கோபம் என்றால் திட்டியாவது எழுதுங்கள். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் குப்பண்ணனை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலிக்கு ஓடுகிறேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்.

தங்கவேலுவின் அளவு நூல் வரவில்லை. நோம்பி முடிந்துவிட்டது. பரவாயில்லை, தீபாவளிக்குத் தைக்கிறேன்.

ஒரு வரி போதும், அக்கா.
முத்தாத்தாள்


மேல்மலை,
14-8-1978

முத்தாத்தாளுக்கு,

மச்சானும் சரசுவும் நானும் இருக்கிறோம். நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். மழையில் தபால் போகவில்லை. அதனால்தான் எழுதவில்லை.

நான் சொல்வதைக் கவனமாகக் கேள். குப்பண்ணனுக்கு ஊசி போடு. அந்த நர்ஸ் வருகிறவரைக்கும் காத்திருக்காதே. நீயே சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போ. மூன்று தடவை போட வேண்டுமாம். இடையில் ஒவ்வொரு மாதம் விட வேண்டுமாம். மூன்றும் போட்டால்தான் தாங்குமாம். இங்கே டிஸ்பென்சரியில் விசாரித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். முன்னால் நான் எழுதியதை மறந்துவிடு. அந்தக் கடிதத்தை அடுப்பில் போடு.

சட்டை ஒன்றும் தைக்க வேண்டாம். இங்கே துணி இருக்கிறது.

ஊசி போட்டதும் எழுது.
வள்ளியாத்தாள்


வடகரப்பதி,
3-9-1978

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் கடிதம் கிடைத்தது. கிடைத்ததும் சந்தோஷப்பட்டேன். படித்ததும் பயந்துபோனேன்.

இது உங்கள் கையெழுத்துதானா என்று இரண்டு முறை பார்த்தேன். 'கண்ணு' இல்லை, 'சாமி' இல்லை, ஒரு சிரிப்பு இல்லை. தங்கவேலுவை விறகுக்குப் பின்னால் ஒளித்துவைத்த அக்காவா இப்படி எழுதுகிறார்? மாரித்தாயம்மா பேச்சைக் கேட்டு மனசு மாறிவிட்டீர்களா? அவர் பழனிச்சாமியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவர் இல்லையே.

அத்தையிடம் சொன்னேன். "வித்தது சும்மா ஒரு சாங்கியத்துக்கு. அதுக்குன்னு அவ அங்க உக்காந்துட்டு அதிகாரம் பண்ணுவாளா?" என்று கேட்டார். உங்கள் மாப்பிள்ளை ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்தால் வேண்டாம் என்று அர்த்தம். எனக்கும் மனசு வரவில்லை, அக்கா. நன்றாகச் சிரித்து விளையாடுகிற பிள்ளை. நானே தூக்கிக்கொண்டு போய்க் குத்தக் கொடுத்து, ஏதாவது ஆகிவிட்டால், அப்புறம் நான் எதற்கு இருக்க வேண்டும்?

தங்கவேலுவைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே. கொட்டையைத் தம்பி வாயில் போட்டான் என்று சொன்னீர்களா? சிரித்தானா?

பதில் போடுங்கள்.
முத்தாத்தாள்


மேல்மலை,
22-9-1978

முத்தாத்தாளுக்கு,

சுகமெல்லாம் பிறகு விசாரித்துக்கொள்ளலாம்.

இந்தக் கடிதத்தை உன் அத்தைக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு. பெரியம்மாள் அத்தைக்கு வள்ளியாத்தாள் வணக்கம் சொல்லிக் கேட்பது. நான் வாங்கியது வெறும் சாங்கியம் என்றீர்களாம். இருக்கட்டும். சாங்கியம் என்று உங்களுக்குத் தெரிந்தது எமனுக்குத் தெரியாமலா இருக்கும்? நாம் பொய்யாக விற்றால் அவன் நிஜமாக ஏமாறுவானா? அப்படியானால் எதற்குக் குப்பைமேடு? எதற்கு அவனுக்குக் குப்பண்ணன் என்று பெயர்? பெற்றவளைச் சின்னம்மா என்று கூப்பிடப் பழக்குகிறீர்களே, அது எதற்கு?

நிஜமாக விற்றீர்கள் என்றால் பையன் என்னுடையவன். என் பையனுக்கு ஊசி போடச் சொல்கிறேன். அதில் பேச உங்களுக்கும் இடம் இல்லை, முத்தாத்தாளுக்கும் இடம் இல்லை. முடியாது என்றால் சொல்லுங்கள். நான் பஸ் ஏறி வந்து என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறேன். வளர்த்தது போதும்.

முத்து, பழனிச்சாமி ஊசியால் சாகவில்லை. ஊசி போடும் முன்பே அவன் தொண்டை அடைத்திருந்தது. வருமுன் போட வேண்டிய ஊசி வேறு. இதை எனக்கு யாரும் சொல்லித் தெரியவில்லை. அதற்குமேல் கேட்காதே.

ஐப்பசி வருகிறது. உன் காலில் விழுகிறேன், போய்விட்டு வா.
வள்ளியாத்தாள்


வடகரப்பதி,
16-11-1978

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். குப்பண்ணனும் சுகம். இந்தத் தடவை பயப்படாமல் எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தைச் சத்தமாகத்தான் படித்தேன். கேட்டு முடித்ததும் அத்தை, "அவ பையன். அவ சொல்றா. வேண்டாங்கறதுக்கு நாம ஆரு?" என்றுவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஐப்பசி பிறந்த வாரமே போனோம். உங்கள் மாப்பிள்ளை கூடவே வந்தார். நர்ஸ் நாங்கள் விரட்டிய அதே பெண்தான். ஒன்றும் குத்திக்காட்டவில்லை. "பேடிக்கண்டா, பேடிக்கண்டா" என்று, பயப்படாதே என்பதை மலையாளத்தில் சொல்லித் தேற்றிக்கொண்டே தொடையில் போட்டாள். அவன் அழுத அழுகையைவிட நான் அழுதது அதிகம். மறுநாள் அனலாகக் காய்ந்தான். குத்திய இடம் வீங்கிச் சிவந்துவிட்டது. போச்சு, போச்சு என்று நெஞ்சில் அடித்துக்கொண்டேன். உங்களையும் திட்டினேன். அதை மறைக்கவில்லை. அத்தை ஈரத்துணி மாற்றிக்கொண்டே இருந்தார். அதற்கடுத்த நாள் காய்ச்சல் இறங்கி, "ச்சிம்மா" என்றான். அவன் முதல் பேச்சு அதுதான். பெற்றவளைச் சின்னம்மா என்கிறானே என்று எனக்கு வருத்தமே வரவில்லை.

அப்புறம் கேளுங்கள். வடக்குத் தெருவில் தொண்டை அடைப்பான் வந்துவிட்டது. பெரியமுத்து பேத்தி போய்விட்டாள். இன்னொரு வீட்டில் ஒரு பையனும் போய்விட்டான். இந்த வருஷமும் ஐப்பசி வாய் பிளந்துகொண்டுதான் வந்திருக்கிறது. நேற்று இரண்டாவது ஊசியும் போட்டுவிட்டோம். இப்போது அத்தையே எல்லோர் வீட்டுக்கும் போய் நர்ஸ் வருகிற நாளைச் சொல்கிறார்.

நீங்கள் சொன்னதைக் கேட்கவில்லை. சட்டை தைத்துவிட்டேன். பக்கத்து வீட்டில் தங்கவேலு வயதுப் பையனை நிற்கவைத்து அளவெடுத்தேன். தை அறுப்பு முடிந்ததும் உங்கள் மாப்பிள்ளை புது அரிசியும் சட்டையும் எடுத்துக்கொண்டு மலைக்கு வருகிறார்.

என் பிள்ளையைக் காப்பாற்றிய கைக்குக் கும்பிடு.
முத்தாத்தாள்


மேல்மலை,
9-1-1979

கண்ணு முத்தாத்தாளுக்கு,

நாங்கள் இருக்கிறோம். குப்பண்ணன் நலம் என்று படித்த அன்று நிறைய நாளுக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன். மூன்றாவது ஊசியை விட்டுவிடாதே.

மாப்பிள்ளையை அனுப்ப வேண்டாம். இங்கே புல்லெல்லாம் வெள்ளையாக உறைகிறது. கீழே இருந்து வருகிறவர்கள் தாங்க மாட்டார்கள். மச்சானுக்கும் பேக்டரியில் ராத்திரி வேலை. நாங்களே சித்திரையில் வருகிறோம். அரிசியும் வேண்டாம், சட்டையும் வேண்டாம். எப்படியாவது தடுத்துவிடு.

அக்கா,
வள்ளியாத்தாள்


வடகரப்பதி,
4-2-1979

என் அக்காவுக்கு,

குப்பண்ணன் சுகம். நானும் அத்தையும் அவரும் இருக்கிறோம். நீங்கள் ஏன் 'நலம்' என்று எழுதாமல் 'இருக்கிறோம்' என்று எழுதினீர்கள் என்பது இப்போது தெரிகிறது.

உங்கள் கடிதம் வந்து சேரும் முன்பே அவர் கிளம்பிவிட்டார். திரும்பி வந்தவர் பையை என் கையில் கொடுத்தார். சட்டை மடிப்புக் கலையாமல் உள்ளே இருந்தது. "ஏனுங்க, சட்டை பத்தலீங்களா?" என்று கேட்டேன். "அதைய உள்ள வெய்யி" என்று சொல்லிவிட்டுக் கிணற்றுமேட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் பின்னாலேயே போனேன். அப்புறம்தான் சொன்னார்.

வீட்டுக்குள் சரசு மட்டும் இருந்தாளாம். நீங்கள் கொழுந்துக்குப் போயிருந்தீர்களாம். மாரித்தாயம்மாதான் சொன்னாராம். "ஆனி மாசம் லயத்துல நாலஞ்சு பிள்ளையளுக்குத் தொண்டை வந்துச்சு. ஊசி போட்டதெல்லாம் எந்திரிச்சு உக்காந்துட்டு. தங்கவேலுதான் எந்திரிக்கல. தங்கச்சிக்கு எழுதிராதிய, தெரிஞ்சா பிள்ளைய பறிகொடுத்தவ பேச்சை அங்க கேக்க மாட்டாவ, அந்தப் பிள்ளைக்கு ஊசி போட மாட்டாவன்னு எல்லார்ட்டயும் சத்தியம் வாங்கிட்டா" என்றாராம்.

அக்கா, நான் நோம்பிக்குச் சட்டை அளவு கேட்டு எழுதியபோது அவன் இருந்தான். தீபாவளிக்குத் தைக்கிறேன் என்று எழுதியபோது இல்லை. அதற்கப்புறமும் கொட்டையைப் பற்றிச் சொன்னீர்களா, சிரித்தானா என்று கேட்டேனே! அதைப் படித்துவிட்டு எப்படி இருந்தீர்கள்? ஊசிதான் கொன்றது என்று எழுதியது நான். அதை நம்பித்தானே அவனை ஒளித்துவைத்தீர்கள்? இத்தனை கடிதத்தில் ஒரு எழுத்தாவது என்னைக் குற்றம் சொல்லக்கூடாதா? இந்தப் பேனாவை ஒடித்துப் போடலாம் போலிருக்கிறது. ஆனால் இதை எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

அத்தையை நினைத்துத்தான் பயந்தேன். பிள்ளை போன கை ராசியில்லாத கை, விற்றது செல்லாது, தவிட்டைத் திருப்பிக் கொடு என்பாரோ என்று. கேட்டதும் தரையில் உட்கார்ந்து அழுதார். ராமாத்தாளுக்கு அழுததைப் போல அழுதார். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னார்: "பெத்ததைக் குழியில வெச்சுப்போட்டு, வாங்குனதைக் காப்பாத்தியிருக்கறா. இதைவிட ராசியான கை எங்கடி இருக்குது?"

அதனால் கேளுங்கள். விற்றது விற்றதுதான். சாங்கியம் இல்லை, நிஜம். நீங்களே அப்படி எழுதினீர்கள், மாற்றிப் பேசக்கூடாது. உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று யாராவது கேட்டால், எப்போதும்போல இரண்டு என்று சொல்லுங்கள்.

மூன்றாவது ஊசியும் போட்டாகிவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை பொள்ளாச்சி வந்து, உடுமலையில் மாறி, அவனைத் தூக்கிக்கொண்டு மலைக்கு வருகிறேன். வெயில் வரும்வரை உங்களிடம் இருக்கட்டும். எனக்கு அவனை விட்டு இருக்கத் தெரியாது, நானும்கூட இருப்பேன். அம்மா என்று சொல்லப் பழக்கியிருக்கிறேன். இங்கே யாரைப் பார்த்தும் அந்த வார்த்தையை அவன் சொல்வதில்லை. உங்களுக்காக வைத்திருக்கிறான்.

பஸ் நிற்கிற இடத்துக்கு வாருங்கள். தூரத்திலிருந்தே தெரியும், நீலக் கட்டம் போட்ட சட்டை. சட்டைக் கைகளை மடித்துவிட்டிருக்கிறேன், அப்படியும் அவன் முழங்காலுக்குக் கீழே தொங்குகிறது. இருக்கட்டும், வளர்ந்துவிடுவான்.

உங்கள் மகனை வளர்த்துக் கொடுக்கும் தங்கை,
முத்தாத்தாள்